கொக்கியில் காய்ந்த சந்தனம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு வேலை. என் கணவர் மரம் ஏறுவார், நான் கீழே நின்று பயப்படுவேன். இரண்டு பேரில் யாருக்கு உடம்பு அதிகம் வலிக்கும் என்று கேட்டால், சத்தியமாக எனக்குத்தான்.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீடு. ஒரு பழைய லோரி, இரண்டு மரம் அறுக்கும் மெஷின், ஒரு பெரிய பை நிறையக் கயிறு, இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. கூரை மேல் சாய்ந்த மாமரம், மின்கம்பியை உரசும் கிளை, புயல் மழையில் பிளந்து தொங்கிக்கொண்டிருக்கும் கொம்பு என்று யாராவது கூப்பிடுவார்கள். காப்பாரிலிருந்து செராஸ் வரை போவோம். நாங்கள் மூன்று பேர். மேலே அவர். கீழே கயிறு பிடிப்பது நான். வெட்டி இறக்கிய கொம்புகளை இழுத்து லோரியில் அடுக்குவதற்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர். அவர் என்னைவிட நான்கு வயது பெரியவர். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை அண்ணே என்பேன். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

நான் ஆரம்பத்திலிருந்தே இந்த வேலைக்குப் போனவள் இல்லை. ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் மரத்தில் இருக்கும் நேரமெல்லாம் என் போன் மடியில் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அது ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் எடுப்பேன். ஒரு தடவை இன்சூரன்ஸ் விற்கும் பெண் கூப்பிட்டு அவர் பெயரைச் சொன்னதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணும் பயந்து போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன், "இனிமே நானும் வரேன். அங்க நின்னு பயந்துக்கிறேன். இங்க ஒக்காந்து பயப்பட முடியல."

"வா. ஆனா மேல பாத்து கத்தாத" என்றார்.

கத்தவில்லை. ஆனால் முதல் வாரமே அவருடைய சாமான்களைப் பார்த்ததும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் சின்ன வயதில் காப்பாரில் தென்னை மரம் ஏறிப் பழகியவர். கால் இரண்டும் மரத்தைப் பிடித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் சும்மா என்பது அவருடைய கொள்கை. கட்டட வேலைக்காரர்கள் கட்டும் ஒரு பழைய இடுப்பு பெல்ட். லோரியில் சாமான் கட்டும் நைலான் கயிறு. அதை மாட்ட, ஹார்ட்வேர் கடையில் சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கி. அந்தக் கொக்கியில் என் வீட்டுச் சாவியைத் தொங்கவிடவே நான் யோசிப்பேன். அதில் இவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சாமான் வாங்குவது என் பொறுப்பு. செராஸில் மரம் ஏறுபவர்களுக்கென்றே சாமான் விற்கும் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் சீனர், பொறுமைசாலி. நான் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வார், நான் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பேன். தொடையிலும் இடுப்பிலும் பட்டையாகக் கட்டிக்கொள்ளும் ஹார்னஸ் வாங்கப் போனபோது, அதை நானே கட்டிக்கொண்டு கடையின் உத்தரத்தில் தொங்கிப் பார்த்தேன். தரையிலிருந்து கால் தூக்கியதும் அலறிவிட்டேன். "ஆன்ட்டி, ரெண்டு அடிதான் லா" என்றார் அவர். ரெண்டு அடியில் எனக்கு வந்த பயத்தை ஐம்பது அடிக்குப் பெருக்கிப் பார்த்தேன். இருந்ததிலேயே நல்லதை வாங்கினேன்.

கயிறு வாங்கினால் மேல்நூல் சீராக இருக்கிறதா என்று விரலால் ஒவ்வொரு முழமாக உருவிப் பார்ப்பேன். உள்ளே எங்காவது மெத்தென்று அமுங்கினால் அந்தக் கயிறு வேண்டாம். பழைய கயிறு நூல் பிரிந்து பஞ்சாகத் தொடங்கினால் அவரைக் கேட்கவே மாட்டேன். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்து முழம் முழமாக நறுக்கிவிடுவேன். கேட்டால் "இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார். தாங்காது. எங்கள் வீட்டுத் துணிக்கொடி எல்லாமே அவர் உயிரைத் தாங்கி ஓய்வு பெற்ற கயிறுகள்தான்.

இந்தக் கதைக்கு முக்கியம் கொக்கி. கயிற்றின் நுனியை ஹார்னஸோடு சேர்ப்பது அதுதான். உள்ளங்கை அளவு இருக்கும் அலுமினிய வளையம், ஒரு பக்கம் திறந்து மூடும் சின்னக் கதவு. இதில் இரண்டு வகை. ஒன்றில் கதவை மூடிவிட்டு அதன் மேலிருக்கும் உறையை நாமே திருகிப் பூட்ட வேண்டும். அவர் அதைத்தான் கேட்டார். இன்னொன்றில் உறையை மேலே தூக்கி, திருப்பி, அப்புறம் அமுக்கினால்தான் கதவு திறக்கும். கையை எடுத்தால் தானே மூடிக்கொண்டு டக்கென்று பூட்டிக்கொள்ளும். நான் இதை வாங்கினேன். மனிதன் திருக மறப்பான், ஸ்பிரிங் மறக்காது என்பது என் கணக்கு. பத்துக் கொக்கிகள் வாங்கி, வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் திறந்து விட்டுத் திறந்து விட்டு டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வேலை செய்யும் இடத்துக்கென்று சில சட்டங்களும் போட்டேன். அங்கே அவரை "என்னங்க" என்று கூப்பிடக் கூடாது. அது மேலே எட்டாது. எல்லாரும் கூப்பிடுவது போல நானும் "பாஸ்" என்றேன். மெஷின் சத்தத்துக்காக அவர் காதை மூடிக்கொண்டிருப்பார், அதனால் என் கழுத்தில் ஒரு விசில். சின்னதாக ஒரு விசில் அடித்தால் என்னைப் பார் என்று அர்த்தம். நிறுத்தாமல் நீளமாக ஊதினால் குளவி. குளவி என்றால் கையை வீசக் கூடாது, குனிந்து பார்க்கக் கூடாது, மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து முகத்தைப் பட்டையில் புதைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் கூடு என்று நான் சொல்லும் வரை அப்படியே. அந்த நீள விசிலை விளையாட்டுக்குக்கூட யாரும் ஊதக் கூடாது. அண்ணன் ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு என்னிடம் வாங்கிய திட்டுக்கு ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன விசில் கேட்டால் உடனே ஹார்னஸில் பின்பக்கம் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவது போலக் கயிற்றில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு கீழே என்னைப் பார்ப்பார். "சொல்லு பாஸ்" என்பார் என்னையே. எனக்கு அது பிடிக்கும், அதை நான் ஒருபோதும் சொன்னதில்லை. அத்தனை உயரத்தில் ஒரு மனிதன் அப்படிச் சாவகாசமாக உட்கார முடிகிறது என்றால் நான் வாங்கிய சாமான் நல்ல சாமான்தானே.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் டெங்கில் பக்கம் ஒரு வேலை. அறுத்த கொம்பு நினைத்த பக்கம் விழாமல் பிளந்து திரும்பி அவர் விலாவில் அடித்தது. கயிறு பிடித்துக்கொண்டது. கன்றிப்போன விலாவோடு இறங்கி வந்து, "ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் பூஜை வரை விடவில்லை.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் படைப்பது புத்தகமோ தையல் மெஷினோ இல்லை. லோரியின் முன் கண்ணாடியிலிருந்து கை ரம்பம் வரை எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, வாழையிலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைப்போம். ஒவ்வொரு வருஷமும் மறுநாள் வேலைக்குப் போகும் முன் அவர் ஒரு ஈரத் துணியால் கொக்கிகளில் இருக்கும் பொட்டை மட்டும் துடைத்துவிடுவார். நானும் கண்டுகொள்ள மாட்டேன். அந்த வருஷம் கண்டுகொண்டேன். சந்தனத் தூளைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு கொக்கிக்கும் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன். எங்கே வைத்தேன்? கதவின் மேல். பூட்டும் உறை எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே. ஆபத்து வருகிற இடத்தில் அல்லவா சாமி காவல் நிற்க வேண்டும்!

அவர் ஈரத் துணியோடு வந்தார். நான் தட்டிவிட்டேன்.

"இந்தத் தடவ தொடைக்காதீங்க. முதல் வேலை முடியட்டும்."

"இது பிசுபிசுன்னு இருக்கும்லா."

"இருக்கட்டும். போன மாசம் வாங்குன அடி பத்தலையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொக்கிகளை அப்படியே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் முதல் வேலை. ரயில் பாதைக்கு அருகில் ஒரு பழைய பங்களா. அதன் பின்புறம் பெரிய தூங்குமூஞ்சி மரம், ஒரு கிளை மட்டும் பக்கத்து வீட்டு ஸிங்க் தகரக் கூரைக்கு மேல் நீண்டிருந்தது. வீட்டுக்கார அங்கிள் வெளியே போகும் அவசரத்தில் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முந்தின நாள் மழை நன்றாகக் கழுவிவிட்டுப் போயிருந்ததால் அன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. முனையில் இருக்கும் கடையில் பசியாறிவிட்டு, அவர் ஹார்னஸ் கட்டினார். நான் வழக்கம் போல ஒவ்வொரு பக்கிளையும் இழுத்துப் பார்த்தேன். கயிற்றுக் கொக்கியை மாட்டினார். டக். இடுப்புக் கயிற்றின் கொக்கி, டக். பையில் இருந்த ஈரத்தில் சந்தனம் இன்னும் இளகலாக இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. மஞ்சள் பொட்டுகளைப் பார்த்து மனசு நிறைந்துதான் அவரை மேலே அனுப்பினேன்.

மரம் ஏறுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெரிய கயிறு மேலே ஒரு கவட்டையில் போட்டுத் தொங்கும், அதில்தான் முழு உடம்பும். இன்னும் மேலே போக வேண்டுமென்றால், முதலில் குட்டையான இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பெரிய கயிற்றைக் கழற்றி மேல் கவட்டைக்கு மாற்றி மறுபடியும் மாட்ட வேண்டும். எந்த நேரத்திலும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். மாட்டிய பிறகு டக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இதுவும் நான் போட்ட சட்டம்தான்.

அவர் முதல் கவட்டைக்குப் போய், பெரிய கயிற்றை மாற்றி, மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் தடதடவென்று போனது. அவர் காதை வேறு மூடியிருந்தார். கொக்கி பூட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவருக்கும் கேட்டிருக்காது. எத்தனையோ நாள் கேட்காமலும் பூட்டியிருக்கிறது. இடுப்புக் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, அந்தக் கிளை பிரியும் இடத்தில் காலூன்றி நின்றார். மெஷினை அனுப்பு என்று கையைக் காட்டினார். அப்போது அவர் ஐம்பது அடியில் இருந்தார்.

சாமான் அனுப்பத் தனியாக ஒரு மெல்லிய கயிறு இருக்கும். அதன் நுனியில் மெஷினை மாட்ட, வெயிலில் திறந்து கிடந்த பையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தேன். பூஜைக்குப் பிறகு யாரும் தொடாத கொக்கி. உறையைத் தூக்க முடியவில்லை. பலமாகத் திருகினேன். கரகரவென்று ஏதோ உடைந்து கதவு திறந்தது. கையை எடுத்தேன். கதவு மூடவில்லை. பாதியில் நின்றது, உறையும் பாதியில் நின்றது. விரலால் தள்ளினேன். அப்படியே இருந்தது. வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு போல இறுகிய சந்தனம் உறைக்கும் கதவுக்கும் நடுவே அடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அதே சந்தனம், அதே கிண்ணம், அதே என் விரல். அவர் இடுப்பில் இருப்பதிலும் அதே இடத்தில் அதே பொட்டு.

ஈரக்குலை நடுங்கியது என்று சொல்வார்களே, அது எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொப்புளுக்கு மேலே, முதுகெலும்புக்குப் பக்கத்தில். போனை எடுத்துக் கேமராவைப் பெரிதாக்கி மேலே பார்த்தேன். படத்தில் இலையும் வானமும் அவருடைய சிவப்புச் சட்டையும் ஒன்றாகக் குலுங்கின. இடுப்பில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. கதவு தெரியவில்லை.

அவர் இப்போது காலால் நிற்கிறார். கயிறு தொய்வாக இருக்கிறது. அதனால் உயிரோடு இருக்கிறார். கொக்கி திறந்திருந்தால், கயிறு அதன் வாய்ப்பக்கம் நழுவி நின்றிருந்தால், அவர் சாய்ந்து உட்காரும் அந்த ஒரு நொடி போதும்.

கூப்பிட வேண்டும். வாய் வரைக்கும் வந்த விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்? சாய்ந்து உட்காருவார். காலை ஆட்டிக்கொண்டு சொல்லு பாஸ் என்பார். அதைத்தானே செய்வார்! கத்தினாலும் அதேதான், காதை மூடிக்கொண்டிருப்பவருக்குச் சொல் கேட்காது, சத்தம் மட்டும் கேட்கும், சத்தம் கேட்டதும் சாய்வார். கூப்பிடாமல் இருந்தால்? மெஷின் ஏன் வரவில்லை என்று பார்க்க அவரே சாய்வார். எப்படிப் பார்த்தாலும் அவர் சாய்வார், சாய்வதற்கு அவரைப் பழக்கியது நான். உன்னை நம்பித்தானே உட்காருகிறார் பாவி என்று எனக்குள் யாரோ திட்டினார்கள்.

மேலே அவர் இடது கையை மரத்திலிருந்து எடுத்தார். தலையைத் திருப்பத் தொடங்கினார்.

நான் நீள விசிலை ஊதினேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். மூச்சு முழுவதையும் அந்த விசிலுக்குள் தள்ளினேன். நிறுத்தவே இல்லை. லோரிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் கொம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு லோரிக்கு அடியில் புகுந்தார். ஐம்பது அடி உயரத்தில் என் கணவர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, முகத்தைப் பட்டையில் புதைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

விசிலை விட்டேன். கண்ணில் நீர் முட்டி மரமே மங்கலாகத் தெரிந்தது. அவர் தோளால் தேய்த்து ஒரு பக்கக் காது மூடியை நகர்த்தினார்.

"எந்தப் பக்கம்?" என்று பட்டைக்குள் பேசினார்.

"குளவி இல்ல!" என்றேன். "பிடிய விடாதீங்க. ஒக்காராதீங்க. என்னங்க, ஒக்காராதீங்க!"

பாஸ் என்று வரவில்லை, என்னங்க என்றுதான் வந்தது. அவர் உடம்பு ஒரு சுற்று இறுகியது எனக்குத் தெரிந்தது. வேலையிடத்தில் நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"என்னா?"

"கொக்கி. வயித்துக்கிட்ட இருக்கிற கொக்கிய மெதுவா பாருங்க. ஒரு கைய மட்டும் எடுங்க. பூட்டியிருக்கா?"

அவர் வலது கையை மரத்தில் வைத்துக்கொண்டே தலையைக் குனிந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எப்போதும் ஏதாவது பேசுகிற மனிதர், அடிபட்டு இறங்கியபோதுகூட ஒண்ணும் இல்ல என்று சொன்ன மனிதர், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையையும் மறுபடி மரத்தில் சுற்றிக்கொண்டார். அந்த மௌனத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"கயிறு வாய்ல நிக்குது" என்றார் கடைசியில். குரல் யாருடையதோ போல இருந்தது.

"சந்தனம்" என்றேன். "நான் வச்ச சந்தனம். அது காஞ்சு அடச்சிக்கிச்சு."

"ம்."

"இடுப்புக் கயிறும் அதே மாதிரிதான் இருக்கும்."

"ம். தண்ணி அனுப்பு."

தண்ணீர்ப் போத்தலைக் கட்ட வேண்டும். கொக்கி வேண்டாம், முடிச்சுப் போடலாம். எத்தனை முடிச்சு தெரியும் எனக்கு, அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. லோரிக்கு அடியிலிருந்து வெளியே வந்த அண்ணன் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, ஒன்றும் கேட்காமல் போத்தலின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். போத்தல் ஆடி ஆடி மேலே போனது. ஒரு கிளையில் இடித்து நின்றபோது நான் சாமியைக் கூப்பிடப் போய், கூப்பிடாமல் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளுக்கு முன் சாமியைக் கூப்பிட்டு நான் செய்து வைத்திருந்தது போதும்.

அவர் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் போத்தலை எடுத்துப் பல்லால் மூடியைத் திறந்து இடுப்பில் ஊற்றினார். விரலால் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் இலையில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கீழே வந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் முகத்தில் விழுந்தது. பன்னீர் வாசம். துடைக்கவில்லை. கண்ணை எடுத்தால் அவர் விழுந்துவிடுவார் என்று ஒரு மூடத்தனம், இமையைக்கூடத் தட்டாமல் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்னொரு ரயில் போனது. அது போய் முடிந்து, ஒரு காக்கை கத்தி, அதற்கப்புறம் மேலேயிருந்து மெல்லிசாக டக் என்று கேட்டது. அவர் அதைத் திறந்து மறுபடி மூடினார். டக். இன்னொரு தடவை. டக். இடுப்புக் கயிற்றையும் கழுவி மரத்தைச் சுற்றி மாட்டினார். டக்.

"எறங்குறேன்" என்றார்.

"எறங்குங்க."

அவர் மெதுவாக, மிக மெதுவாக, கயிற்றில் எடையை வைத்தார். முதலில் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். எப்போதும் சாய்ந்து உட்காருகிற மனிதர் அன்று முழங்காலை மரத்தை விட்டு எடுக்காமல், பட்டையில் தேய்த்துக்கொண்டே இறங்கினார். தரையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

"அக்கா, அப்போ குளவி எங்க?" என்றார் அண்ணன்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறி நிற்க மாட்டேன் என்றது. "நான்தான் தொடைக்க வேணான்னு சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். "நான்தான் சத்தம் கேக்காம விட்டேன்" என்றார் அவர். தப்பு யாருடையது என்று இரண்டு பேரும் அந்த மண்ணில் உட்கார்ந்து சண்டை போட்டோம், இரண்டு பேருமே தனக்குத்தான் வேண்டும் என்று. அண்ணன் முனைக் கடைக்குப் போய் மூன்று கிளாஸ் சூடான தே வாங்கிக்கொண்டு வந்தார். பாதி தே குடித்த பிறகுதான் அவர் சொன்னார், "மெஷின் என்னா ஆச்சுன்னு பாக்க நான் சாயத்தான் போனேன். இந்த முழங்கால மடக்கிட்டேன். அப்பதான் நீ ஊதுன."

அந்த வேலையை நாங்கள் அன்று முடிக்கவில்லை. வீட்டுக்கார அங்கிளுக்கு போன் போட்டு, வேறொரு நாள் வருகிறோம் என்றோம். வீட்டுக்கு வந்து பத்துக் கொக்கிகளையும் வெந்நீரில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இரண்டில் சந்தனம் முழுதாக வரவில்லை. அவற்றை யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி சுத்தியலால் நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வாழையிலையில் கை ரம்பமும் மெஷினும் அரிவாளும் வைத்து, லோரிக்கு மாலை போட்டோம். கொக்கிப் பையை அவர் கொண்டுவரவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டுச் சாமிக்கு அதில் கோபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது அவர் மரத்தில் சாய்ந்து உட்காருவதில்லை. சின்ன விசில் அடித்தால் முதலில் மரத்தைக் கட்டிப் பிடிக்கிறார், அப்புறம் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறார், அதற்கப்புறம்தான் என்னைப் பார்க்கிறார். சொல்லு பாஸ் என்று சொல்வதில்லை. ஏறும் முன் மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார், ஷூ லேஸை இரண்டு தடவை கட்டுகிறார். எத்தனை வருஷம் இவருக்குக் கொஞ்சமாவது பயத்தைக் கொடு சாமி என்று வேண்டியிருப்பேன்! கொடுத்துவிட்டார். அதைக் கூடவே நின்று பார்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் காப்பாரில் ஒரு பலாமரம். ஹார்னஸைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கொக்கியையும் என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து திறந்து விட்டார். இதுவும் இப்போதைய வழக்கம். அவர் விரல் லேசாக நடுங்கியது. பார்க்காதது போல இருந்தேன்.

"கேட்டுச்சா?"

கேட்டிருந்தது. தெளிவாகவே கேட்டிருந்தது.

"இல்ல" என்றேன். "இன்னொரு தடவ."